ஆடிட்டர் ஆபீஸில் முதல் வருடம்: கேட்பது, சொல்வது, எழுதி வைப்பது

19ம் தேதி, இரவு எட்டரை மணி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது போன மாதத்து ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டிய கடைசி நாள். ஒரு பெயிண்ட் கடைக்காரருக்கு, “அண்ணா, பர்ச்சேஸ் டீடெயில்ஸ் அனுப்புங்க” என்று வாட்ஸ்அப் போட்டேன். பத்தே நிமிடத்தில் நாற்பத்து மூன்று போட்டோ வந்து விழுந்தன. பாதி கலங்கல். சிலவற்றில் பில் நம்பர் இருக்கும் மூலையை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. நடுவில் வீட்டுக் கரண்ட் பில், பேத்தியின் பிறந்தநாள் படம். எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்து முடித்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் அதற்கும் முந்தின மாதத்துப் பில்கள்.

அவர் மேல் தப்பில்லை. எந்த மாதம், எந்த பில், எப்படி எடுத்து அனுப்புவது என்று நான் சொல்லவே இல்லை.

அப்போது ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து எனக்கு ஏழு மாதம். டேலி கைவந்துவிட்டது. பார்ட்டியிடம், அதாவது கணக்கை நம்மிடம் கொடுத்திருப்பவரிடம், பேசுவதுதான் வரவில்லை. பிகாம் முடித்து அக்கவுண்டன்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி) தொடங்கும் சிஏ மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சிஏ படிப்பில் மேலாண்மைக்கும் தகவல்தொடர்புத் திறனுக்கும் என்றே கட்டாயப் பயிற்சி வகுப்பு உண்டு. நல்லதுதான். ஆனால் மேடையேறிப் பேசக் கற்பது வேறு, கடைக்காரரிடம் பர்ச்சேஸ் பில் வாங்குவது வேறு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகிவிட்டது. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள இருக்கும் நேரமும் குறைந்துவிட்டது.

முதல் வாரம்: யாரிடம் கேட்பது?

ஒரு நோட்டு வாங்கி, பார்ட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதலாளி பெயர் யாருக்கும் தெரியும். அங்கே உண்மையில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டியது. பல கடைகளில் போர்டில் கணவர் பெயர் இருக்கும். பில்லை மாதவாரியாகக் கம்பியில் குத்தி வைப்பதும், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு தெரிந்ததும் மனைவிதான். சில மில்களில் முப்பது வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளைதான் சகலமும். அவரைத் தாண்டி முதலாளியிடம் நேராகக் கேட்டுவிட்டால், அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு வவுச்சர்கூட நேரத்துக்கு வராது.

கூப்பிடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை ஓடும். அந்த நேரத்தில் ஜவுளி வியாபாரிக்குப் போன் போட்டு பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டால் திட்டுதான் கிடைக்கும். மஞ்சள் மண்டிக்காரரை ஏலம் முடியும்வரை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் இதற்கு ஈடாக வேறு ஏதாவது இருக்கும்.

எப்படி அழைப்பது என்பதில் என் வழக்கம் இது: முதல் தடவை சார், மேடம். அவராக “தம்பி” என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அண்ணா, அக்கா. நாமாக முந்திக்கொண்டு உறவு கொண்டாடினால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஜிஎஸ்டி போர்ட்டலிலும் வருமான வரி போர்ட்டலிலும் பதிவாகியிருக்கும் மொபைல் நம்பரும் மெயிலும் யாருடையவை? பதிவு செய்து கொடுத்த பழைய கன்சல்டன்ட் தன் நம்பரையே போட்டுவிட்டுப் போயிருப்பார். ஓடிபி அவருக்குப் போகும். நோட்டீஸும் அவருக்குத்தான் போகும். இதை மாற்றிக் கொடுப்பதுதான் நீங்கள் அந்தப் பார்ட்டிக்குச் செய்யும் முதல் பெரிய உதவி.

கேட்கும்போது எண்ணிக் கேளுங்கள்

மாதத் தேதிகள் மனப்பாடமாக இருக்கட்டும். பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியான டிடிஎஸ்ஸைக் கட்ட 7, விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வருவது 14, 3பிக்கு 20. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி 22ம் தேதி. பார்ட்டியிடம் கேட்பதெல்லாம் இந்தத் தேதிகளுக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். அந்தப் பெயிண்ட் கடைக்காரருக்கு இப்போது நான் அனுப்பும் மெசேஜ் இது:

“வணக்கம் அண்ணா. ஜூலை ஜிஎஸ்டிக்கு மூன்று வேண்டும்.
1. ஜூலை 1 முதல் 31 வரை தேதி போட்ட பர்ச்சேஸ் பில்கள். ஒரு பில்லுக்கு ஒரு போட்டோ, நான்கு மூலையும் தெரியும்படி.
2. சரக்கு ஏதாவது திருப்பி அனுப்பியிருந்தால் அதன் கிரெடிட் நோட். இல்லை என்றால் ‘இல்லை’ என்று மட்டும் போடுங்கள்.
3. கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட், ஜூலை முழுவதும், பிடிஎஃப்.
5ம் தேதி மாலைக்குள் வந்தால் கட்ட வேண்டிய தொகையை 15ம் தேதியே சொல்லிவிடுவேன், பணம் புரட்ட உங்களுக்கு நேரம் இருக்கும்.”

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாவது வரியில் உள்ள அந்த ‘இல்லை’. பதில் வராமல் இருந்தால் அது இல்லையா, மறந்துவிட்டாரா, பார்க்கவே இல்லையா என்று நமக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. கடைசி வரியைக் கவனியுங்கள், அது அவருக்கு என்ன லாபம் என்று சொல்கிறது. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி என்ற பயமுறுத்தலை மூன்றாவது நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மெசேஜிலேயே அதைப் போட்டால் அடுத்த மாதம் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

நினைவூட்டும்போது பழைய மெசேஜையே திரும்ப ஃபார்வர்டு செய்யாதீர்கள். வந்தவற்றுக்கு நன்றி சொல்லி, வராத ஒன்றை மட்டும் கேளுங்கள். இரண்டு மெசேஜுக்கும் பதில் இல்லையென்றால் போன். போனுக்கும் இல்லையென்றால் சீனியரிடம் சொல்லிவிடுங்கள். 20ம் தேதி மாலை ஐந்து மணிக்குப் போய், “பார்ட்டி அனுப்பலைங்க சார்” என்று நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

பற்றும் வரவும் படுத்தும் பாடு

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் படித்த பற்று, வரவு நினைவிருக்கும். உள்ளே வரும் ரொக்கத்துக்கு ரொக்கக் கணக்கில் பற்று. இதை அப்படியே கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பழைய நாள்வழிப் பழக்கத்தில் கல்லாவுக்குள் வந்த பணம் அவருக்கு வரவு, போனது பற்று. “உங்க கேஷ் அக்கவுண்ட்ல அம்பதாயிரம் பற்று இருக்குங்க” என்றால், ஐம்பதாயிரம் எங்கோ போய்விட்டது என்று பதறுவார்.

பேங்க் இதில் இன்னும் குழப்பும். பேங்க் ஸ்டேட்மெண்டில் ‘கிரெடிட்’ என்று இருப்பது பேங்கின் புத்தகப்படி. நம் பேரேட்டில் அதே பணம் டெபிட். கடைக்காரருக்கு எஸ்எம்எஸ் வருவதோ பேங்க் பாஷையில்: “உங்கள் கணக்கில் இவ்வளவு கிரெடிட் ஆனது.” ஆக மூன்று பேர், ஒரே பணம், இரண்டு எதிரெதிர் வார்த்தை. நான் இதற்குக் கண்ட வழி மிகச் சாதாரணமானது: பார்ட்டியிடம் பேசும்போது டெபிட், கிரெடிட், பற்று, வரவு நான்கையும் விட்டுவிடுவேன். பணம் வந்தது, பணம் போனது, அவர் நமக்குத் தரணும், நாம் அவருக்குத் தரணும். இந்த நான்கில் எல்லாம் அடங்கிவிடும். ஆபீஸுக்குள் வந்ததும் டெபிட், கிரெடிட்டுக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

இதே மாதிரிதான் ‘டர்ன்ஓவர்’. ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத்தையா, வரி நீங்கலாகவா, பேங்கில் விழுந்ததையா, எதை டர்ன்ஓவர் என்கிறார் என்று கேட்காமல் எழுதிவிடாதீர்கள்.

கேள்விக்குள்ளேயே பதிலை வைக்காதீர்கள்

பெயிண்ட் கடைக்காரருடைய பேங்க் ஸ்டேட்மெண்டில் ஒரு நாள் 60,000 ரூபாய் ரொக்கம் கட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். “தங்கச்சி குடுத்ததுங்க தம்பி.”

“அப்போ கடன்னு போட்டுக்கட்டுங்களா?”

“போட்டுக்கங்க.”

போட்டுவிட்டேன். ரிவ்யூவில் சீனியர் அந்த வரியில் விரலை வைத்தார். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். நான் போட்ட ‘கடன்’ என்ற ஒரு வார்த்தை அந்த மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. திரும்பப் போன் செய்து, “அண்ணா, அந்தப் பணம் எதுக்காக வந்ததுங்க? திருப்பித் தரணுமா?” என்று கேட்டார் சீனியர். மூன்று வாரம் முன்பு தங்கை வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று இவரே அதே அக்கவுண்டிலிருந்து 1,00,000 எடுத்துக் கொடுத்திருக்கிறார். செலவு போக மீதி திரும்பி வந்திருக்கிறது. ஸ்டேட்மெண்டில் பத்து வரி மேலேயே அந்த எடுப்பு இருந்தது.

பார்ட்டிகளில் பலர் நாம் சொல்வதற்கெல்லாம் சரி என்பார்கள். நமக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள், கடையில் ஆள் நிற்கிறது, போனை வைக்க வேண்டும். அதனால் ‘ஆமா’ என்று பதில் வரக்கூடிய கேள்வியே கேட்காதீர்கள். எங்கிருந்து, எதற்காக, எப்போது, திருப்பணுமா என்று கேளுங்கள். மறுபக்கமும் உண்டு: உண்மையிலேயே கடன் என்றால், தப்பிக்க வேறு கதை எடுத்துக் கொடுப்பது நம் வேலை இல்லை. சீனியரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் அவருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: “அண்ணா, இன்று போனில் சொன்னது: 60,000, தங்கைக்குக் கொடுத்த ஒரு லட்சத்தில் மீதி திரும்பியது. சரிதானே?” அவர் ஒரு கட்டைவிரல் போடுவார். போதும், தேதியோடு பதிவாகிவிட்டது. கம்பெனி ஆடிட்டில் இதற்குப் பெரிய அண்ணன் ஒருவர் இருக்கிறார்: நிர்வாகத்திடம் எழுத்தில் உறுதி வாங்கச் சொல்லும் எஸ்ஏ 580 என்ற ஆடிட் தரநிலை. அந்த உறுதிக் கடிதம் மட்டுமே போதுமான ஆதாரம் ஆகாது என்றும் அதே தரநிலை சொல்கிறது. நம் பெயிண்ட் கடைக்கும் அதே கதைதான், கட்டைவிரலோடு அந்த ஒரு லட்சம் எடுத்த ஸ்டேட்மெண்ட் பக்கமும் ஃபைலில் இருக்க வேண்டும்.

கெட்ட செய்தி சொல்லும் நாள்

14ம் தேதி 2பி வந்ததும் பர்ச்சேஸோடு ஒப்பிடுவீர்கள். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1ல் காட்டாத பில் 2பியில் வராது. வராத பில்லில் கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்க முடியாது. கடைக்காரருக்கு இது அநியாயமாகத்தான் படும். “நான் வரியோட சேர்த்துப் பணம் குடுத்துட்டேனே!” நியாயமான கேள்வி. பதில் நம்மிடம் இல்லை, சட்டம் அப்படி.

சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொகை, அப்புறம் காரணம், அப்புறம் அவர் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள்.

“அண்ணா, 20ம் தேதி கட்டுறதுல 43,200 கூடும். 2,40,000 ரூபாய்க்கு எடுத்த பெயிண்ட் பில்லை சப்ளையர் இன்னும் ஜிஎஸ்டில ஏத்தலை. அந்தப் பில்லோட வரி அது. அவர் ஏத்தின மாசம் கழிச்சுக்கலாம், பணம் எங்கயும் போகாது. பில் காப்பி அனுப்பிருக்கேன், இன்னைக்கே அவர்கிட்ட பேசுங்க.”

“பணம் எங்கயும் போகாது” என்பதற்கும் எல்லை உண்டு: அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அது. பழைய பில்லாக இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

போன் போடுவதற்கு முன் அந்த சப்ளையர் காலாண்டுக்காரரா என்று போர்ட்டலில் தேடிப் பாருங்கள். காலாண்டுக்காரர் இடையில் பில்லை ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்துதான் வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நான் ஒருமுறை பார்க்காமல், “உங்க சப்ளையர் சரியில்லைங்க, மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த சப்ளையர் அவருடைய மச்சினன்.

நோட்டீஸ் வந்தால்

பார்ட்டி ஒரு பிடிஎஃபை அனுப்பி, கீழே நான்கு ஆச்சரியக்குறி போட்டிருப்பார். “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லாதீர்கள், “பெரிய பிரச்சினை” என்றும் சொல்லாதீர்கள். “கிடைத்தது அண்ணா, படித்துவிட்டு மாலை கூப்பிடுகிறேன்” என்று மட்டும் சொல்லி, மாலை கூப்பிடுங்கள்.

முதலில் அது அசல்தானா என்று பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். அதை இ-ஃபைலிங் தளத்தில் லாகின் இல்லாமலே சரிபார்க்கலாம். அடுத்து கெடு. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்வதற்கான ஆர்இஜி-17 வந்தால் பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான். ரிட்டர்னில் முரண்பாடு என்று கேட்கும் ஏஎஸ்எம்டி-10 என்றால் பொதுவாக 30 நாள். மூன்றாவதாக, அதிகாரி உண்மையில் என்ன கேட்கிறார்? பக்கம் பக்கமாகச் சட்டப்பிரிவு இருந்தாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

பதிலை அவர் வைத்த வரிசையிலேயே, பாயிண்டுக்குப் பாயிண்ட் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அதிகாரி நம் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. வருமான வரியில் 2020க்குப் பிறகு மதிப்பீடு பெரும்பாலும் முகமற்ற முறைதான். அந்தக் காகிதம் மட்டும்தான் அங்கே நமக்காகப் பேசும்.

நோட்டீஸ் வந்ததே தெரியாமல் போவதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. ஜிஎஸ்டி போர்ட்டலில் ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்ற பகுதிக்குள் போட்டுவிட்டார்கள், நாங்கள் பார்க்கவில்லை என்ற முறையீட்டோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் ஏராளம். மாதம் இரண்டு முறை ஒவ்வொரு பார்ட்டியின் லாகினிலும் நுழைந்து அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

ஆபீஸுக்குள்

தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். “சார், இன்ன பார்ட்டிக்கு ஜூன்ல 12,600 கூடுதலா கழிச்சிட்டேன், இந்த மாச 3பில திருப்பிடலாம், வட்டி கணக்குப் போட்டு வச்சிருக்கேன்.” இப்படிச் சொன்னால் திட்டு இரண்டு நிமிடத்தில் முடியும். அவராகக் கண்டுபிடித்தால் இரண்டு வருடம் ஓடும்.

கம்பெனி ஆடிட்டுக்குப் போனால் இரண்டு கடிதங்கள் உங்கள் கைக்கு வரும். ஒன்று, கடனாளிகளுக்கு அனுப்பும் இருப்பு உறுதிக் கடிதம். அதை பார்ட்டி ஆபீஸில் கொடுத்து “அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. அனுப்புவதும் பதில் பெறுவதும் ஆடிட்டர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 505. இன்னொன்று, புது ஆடிட் ஏற்கும் முன் பழைய ஆடிட்டருக்கு எழுதும் கடிதம். எழுத்தில் தெரிவிக்காமல் ஏற்றுக்கொள்வது சிஏ சட்டத்தின் முதல் அட்டவணைப்படி தொழில்முறைத் தவறு. ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் டெலிவரி ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே பெயரில் இரண்டு கடைகள் எங்களிடம் உண்டு, ஒன்று பவானியில், ஒன்று கோபியில். ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மெண்டை மற்றவருக்கு அனுப்பியிருக்கிறேன். டெலீட் செய்வதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து போனில் பார்ட்டி பெயரோடு ஊரும் சேர்த்துத்தான் சேமிக்கிறேன்.

“லாபம்னு சொல்றீங்க, பணம் எங்க?”

ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) எடுத்துக்கொண்டு போகும் நாளில் இந்தக் கேள்வி வந்தே தீரும். “எட்டு லட்சம் லாபம்ங்கறீங்க. பேங்க்ல போன வருஷத்தை விட 1,10,000 கம்மியா இருக்கு. அப்புறம் எதுக்குங்க நான் வரி கட்டணும்?” தேய்மானம், நடப்பு மூலதனம் என்று ஆரம்பித்தீர்களானால் அவர் டீ சொல்லப் போய்விடுவார். ஒரு வெள்ளைத் தாளில் அவர் கண் முன்னால் எழுதுங்கள்:

லாபம் 8,00,000
கையை விட்டுப் போகாத செலவு (வண்டி, மெஷின் தேய்மானம்) + 90,000
சப்ளையருக்கு இன்னும் தராமல் வைத்திருப்பது கூடியது + 2,10,000
வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கி கூடியது − 3,50,000
குடோனில் சரக்கு கூடியது − 2,60,000
லோன் அசல் கட்டியது − 1,80,000
வீட்டுக்கு எடுத்தது − 4,20,000
மீதி − 1,10,000

ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு நிறுத்தி, அவரிடமே கேளுங்கள். “குடோன்ல போன வருஷத்தை விடச் சரக்கு அதிகமா இருக்குங்களா?” அவருக்குத் தெரியும், அந்தக் குடோனில்தான் தினமும் நிற்கிறார். வீட்டுக்கு எடுத்த தொகையை எழுதும்போது மட்டும் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகன் பக்கத்தில் நின்றால் குரலைத் தாழ்த்துங்கள்.

கடைசி வரி பேங்க் ஸ்டேட்மெண்டோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும்போது பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். பெயிண்ட் கடைக்காரர் அந்தத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு 3,50,000 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். “இதுல யார் யார் எவ்வளவு தரணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க தம்பி. தொண்ணூறு நாள் தாண்டினவங்களை மேல போடுங்க.”